ஜூன் கடைசியோடு கோஞ்ஜே

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு ஜோக்கு வரும். அதை ஒரு வியாதி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் அப்பா செத்த அன்று பாடை கட்ட வந்தவரைச் சிரிக்க வைத்துவிட்டேன். எனக்கு விழுந்திருக்க வேண்டிய திட்டு அவருக்கு விழுந்தது. அலுவலகத்தில் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். கவலையில்லாத மனுஷன் என்று பெயர். புதுச்சேரியில் வாடகைக்குக் குடியிருந்த அந்த ஏழெட்டு வருஷத்தில் நான் அடித்த ஜோக்குகள் கொஞ்சநஞ்சமில்லை. அதை வைத்து என் பயத்தின் அளவை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிக் கொடுத்த மறு வருஷம், ஐம்பத்தைந்தில், நானும் என் மனைவியும் விழுப்புரத்திலிருந்து இங்கே வந்தோம். அதுவரை பிரெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த காகிதங்களை இங்கிலீஷில் எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கு டைப் அடிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஊருக்கே நான்தான் விடுதலை வாங்கிக் கொடுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினேன். சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர்கள் அந்த நெஞ்சைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்.

என்ன ஆளுங்க, கறி மீன் உண்டா, சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா. இதெல்லாம் எந்த ஊரிலும் கேட்பதுதான். இங்கே கூடுதலாக ஒன்று கேட்டார்கள். "உங்க வேல நெரந்தரமா, இல்ல மறுபடியும் பிரெஞ்சுக்காரன் வந்துட்டா உங்கள அனுப்பிடுவாங்களா?" வந்தால் அவனிடமே வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வீடு கிடைக்கவில்லை.

முதலில் உப்பளத்தில் இருந்தோம். சுவரெல்லாம் உப்புப் பூத்து, சுண்ணாம்பு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழும். அடுத்தது நெல்லித்தோப்பில் ஒரு சந்து. எதிரும் புதிருமாகப் பத்து அடுப்பு, பத்துக்கும் சேர்த்து ஒரே புகை. பிறகு இன்னும் இரண்டு வீடுகள். என் மனைவிக்கு இழுப்பு உண்டு. உப்பளத்தில் அது தொடங்கியது, நெல்லித்தோப்பில் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கலாம் போல ஆகிவிட்டது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். மூச்சு விடும்போது மூடாத ஜன்னல் இடுக்கில் காற்று புகுகிற சத்தம் கேட்கும். நான் எழுந்தால், "ஒண்ணும் இல்ல, நீங்க படுங்க" என்பாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி முடிப்பதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

அறுபதில் எங்களுக்கு வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் வீடு கிடைத்தது. என்னைப் போன்ற குமாஸ்தா போகிற தெரு இல்லை அது. அலுவலகத்தில் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறப் போகிற வயது, கோயிலுக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கர். அவருக்குத் தெரிந்த ஒரு சொல்தாவின் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற நம் ஆட்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். அவருக்கு அரசாங்கக் கடுதாசிகள் திடீரென்று இங்கிலீஷில் வரத் தொடங்கியிருந்தன. கீழ்ப்பகுதியில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஒருவன் இருந்தால் தேவலை என்று நினைத்தார். இங்கிலீஷால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அவரும் அவர் மனைவி மதாமும் மாடியில். எங்களுக்குக் கீழே தெருவைப் பார்த்த இரண்டு அறைகள். உத்தரத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். ஆள் உயரத்துக்கு மேலே போகிற ஜன்னல்கள். அவற்றின் மரச் சட்டங்களைத் திருப்பிவிட்டால் வெயில் வெளியே நின்றுகொள்ளும், காற்று மட்டும் உள்ளே வரும். முதல் நாள் காலை நான் விழித்தபோது என் மனைவி பக்கத்தில் படுத்திருந்தாள். உட்காரவில்லை, படுத்திருந்தாள். அப்படி அவளைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டதால் எனக்குப் பகீரென்றது. மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"உயிரோடதான் இருக்கேன், வெரல எடுங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

அந்த வீட்டில் நாங்கள் குடியிருந்தது வாடகைக்கு அல்ல, மூச்சுக்கு. அதனால்தான் எனக்கு அதைப் பற்றி அவ்வளவு பயம்.

வீட்டுக்காரர் சைகோனில் பல வருஷம் இருந்தவர். முக்கியமான விஷயம் எதுவானாலும் எழுந்து நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டுதான் சொல்வார். ஓட்டில் பெருச்சாளி ஓடுகிறது என்பதைக்கூட ஒருமுறை அப்படித்தான் சொன்னார். என்னை "முசியே" என்பார். எங்கள் பரம்பரையிலேயே யாரையும் யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிடும்போதெல்லாம் நான் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அவருக்கு அது பெரிய வேடிக்கை. "நீங்க ஒரு ஃபர்சேர் முசியே" என்பார். கோமாளி என்று அர்த்தமாம். நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார். அது எனக்கு எவ்வளவு செலவு வைக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

அறுபத்திரண்டு பிறந்ததும் ஊரில் ஒரே பேச்சு. கைமாற்றம் இனிமேல் சட்டப்படி முழுசாக முடியப் போகிறது, பிரான்சுக்குப் போக நினைப்பவர்கள் போகலாம், சொல்தா வீடுகளெல்லாம் விலைக்கு வருகின்றன. பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் கட்டிலை விற்றது. இன்னொரு குடும்பம் நாயை விற்க முடியாமல் சும்மா கொடுத்தது. நான் காலையில் மாடிப்படிப் பக்கம் பார்க்காமல் நழுவுவேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால்தானே சொல்வார். பார்க்காவிட்டால் பிரான்சுக்குப் போகமாட்டார் என்பது என் கணக்கு. வரும்போது சைக்கிளைத் தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன். சொந்த வீட்டுக்குத் திருட வருகிறவன் மாதிரி. தவறு, அது சொந்த வீடும் இல்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டுவிட்டேன். பூசை முடிந்து வந்தவர், "முசியே, கொஞ்சம் மேல வாங்க" என்றார். போனேன். மதாம் இருந்தார். அவர்களுடைய நண்பர், இன்னொரு சொல்தா, காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லவில்லை. அவரே எழுந்து நின்றார். கை தொடைக்குப் போனது.

"நாங்க பொறப்படுறோம் முசியே. மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அதனால ஜூன் கடைசியோட கோஞ்ஜே."

கோஞ்ஜே. அந்தச் சொல் எனக்குத் தெரியும். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த ஒரு டஜன் சொற்களில் அது முதலாவது. அலுவலகத்தில் பெரியவர் வாரம் தவறாமல் சொல்வார்: நாளைக்கு நான் கோஞ்ஜே. அப்படியென்றால் லீவு. லீவில் போகிறவன் திரும்பி வருவான். திரும்பி வருகிறவன் வீட்டை விற்கமாட்டான். இந்த மூன்று வாக்கியமும் என் தலைக்குள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடி வந்தன. இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த யானை எழுந்து போன மாதிரி இருந்தது.

"ரொம்ப சந்தோஷம் முசியே" என்றேன். "ரொம்ப ரொம்ப சந்தோஷம்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். மதாமுக்குக் கண் கலங்கியது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"உங்களுக்குச் செரமமா இருக்கும்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன செரமம்? கவலப்படாம போய்ட்டு வாங்க. வீட்ட நான் பாத்துக்கறேன்."

இங்கே தமிழ் வாசகர்கள் ஒரு நிமிஷம் நின்று, அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் சொன்னது, நீங்கள் வரும்வரை வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவருக்குக் கேட்டது, எனக்கு வேண்டிய வீட்டை நானே தேடிக்கொள்கிறேன் என்று. அவர் பிரெஞ்சில் ஒன்றைச் சொல்லி நான் வேறொன்றாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக நான் தமிழில் ஒன்றைச் சொல்லி அவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டார். கணக்கு நேர். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மெர்சி முசியே, மெர்சி."

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். லீவில் போகிறார்கள், மகளைப் பார்க்க.

"எப்ப திரும்பி வருவாங்களாம்?"

"லீவு எத்தன நாள்னு கேக்கறது மரியாதயா? அவரு என்ன என் கீழ வேல பாக்கறாரா?"

"சோப்பு சீப்பு மட்டும் எடுத்துட்டுப் போறவங்க பீங்கானயெல்லாம் எதுக்கு வைக்கோல் வெச்சி கட்டறாங்க?" என்றாள். அவளுக்கு என்னைவிட மூளை அதிகம் என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். அதைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் தோன்றியதில்லை.

அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் நடந்த மரியாதையைப் போல ராஜாக்கள் வீட்டில்கூட நடந்திருக்காது. மதாம் கேக்கு செய்து கீழே அனுப்பினார். நான் காலாப்பட்டிலிருந்து நல்ல வேர்க்கடலை வரவழைத்து மேலே அனுப்பினேன். என் மனைவியின் அக்காவை அங்கே கொடுத்திருந்தது. வீட்டுக்காரர் ஈஸ்டருக்கு ஒரு பாட்டில் ஒயின் கொடுத்தார். நான் குடிப்பதில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கி, கிருமிநாசினி பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மே மாதம், அவர்கள் இல்லாதபோது வீடு பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, எங்கள் இரண்டு அறைக்கும் ஆள் வைத்து வெள்ளையடித்தேன். கதவுகளுக்குப் பச்சை வண்ணம் நானே பூசினேன். வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிரெஞ்சு வழக்கத்தில், வீட்டைக் காலி செய்கிறவன் அதைப் பழையபடி நேர்த்தியாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். யாரும் செய்வதில்லை, நான் செய்கிறேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா" என்று நண்பரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாராம். பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூன் பாதியில் ஒரு மத்தியானம், அலுவலகத்தில், பெரியவர் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வீடு கெடச்சிதா?"

"எந்த வீடு?"

"உங்களுக்குத்தான்யா. கோஞ்ஜே குடுத்து மூணு மாசமாச்சே. பெருந்தன்மையா ஒத்துக்கிட்டீங்களாமே, கோயில்ல பேசிக்கறாங்க."

"அவரு லீவுல போறாரு" என்றேன்.

"யாரு?"

"வீட்டுக்காரரு. கோஞ்ஜே."

பெரியவர் தூக்கைக் கீழே வைத்தார். என்னை உட்காரச் சொன்னார். "தம்பி, நான் எடுக்கறது ஒரு கோஞ்ஜே. அது லீவு. வீட்டுக்காரன் குடுக்கறது வேற கோஞ்ஜே. அது காலி பண்ணுங்கறது. ரெண்டுக்கும் ஒரே பேருதான். நாங்கல்லாம் அத யாருகிட்டேருந்து வருதுன்னு பாத்துப் புரிஞ்சிக்குவோம்."

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதலில் ஒரு நல்ல ஜோக்கு சொன்னேன். என்ன ஜோக்கு என்று நினைவில்லை, பெரியவர் சிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. டைப் மெஷினை மூடிவிட்டு, மூடியதை மறந்து மூடியின் மேலேயே நாலு எழுத்து அடித்தேன். வெளியே வந்து யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு, கிழக்கே போக வேண்டியவன் மேற்கே போய், ரயில்வே கேட்டில் நின்றேன். கேட் மூடியிருந்தது. சாமான் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை, வெள்ளையடித்த இரண்டு அறைகளை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன். ஓர் ஆள் தன்னைத் தூக்கிலே போட வரும் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக் கொடுப்பதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். நான் பச்சை வண்ணமும் அடித்துக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நேரே மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் ஒரு பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். முசியே, எனக்குப் புரியல. நீங்க கோஞ்ஜேன்னதும் நீங்க லீவுல போறீங்கன்னு நெனச்சிக்கிட்டேன். நான் வீடே தேடல.

அவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மதாம், இங்க வா, இத கேளு. முசியே என்ன சொல்றாரு பாரு. நாம லீவுல போறோமாம்." மதாமும் வந்து சிரித்தார். "போற நேரத்துலயும் சிரிக்க வெக்கறீங்களே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தியமா முசியே, வெளயாட்டு இல்ல."

"அய்யோ போதும், வவுறு வலிக்குது" என்றார் அவர்.

ஏழெட்டு வருஷமாக நான் இந்த ஊரில் சேர்த்து வைத்த நல்ல பெயர் அந்த அறையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அழுதிருந்தால் நம்பியிருப்பார்கள். எனக்கு அழத் தெரியவில்லை, இன்னொரு ஜோக்குதான் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பேசாமல் நின்றேன். வெகுநேரம் பேசாமல் நின்றதுதான் அவரைச் சந்தேகப்பட வைத்தது. சிரிப்பு மெதுவாக நின்றது. சுத்தியலைக் கீழே வைத்தார். கை தொடைக்குப் போனது.

"ரெண்டு பேர வெச்சிக்கிட்டு சந்தோஷம்னு சொன்னீங்க முசியே. ஒரு தடவ இல்ல. இந்த வீட்ட வாங்கறவரு என்கிட்ட மொதல்ல கேட்டதே உங்களப் பத்தித்தான். கீழ இருக்கறவங்க நல்லவங்கன்னா இருந்துட்டுப் போகட்டும்னாரு. நான்தான் வேணாம், அவரே சந்தோஷமா எடம் குடுக்கறாருன்னு சொன்னேன். அவரு இப்ப அந்த ரெண்டு ரூமையும் மருமகனுக்குச் சொல்லிட்டாரு. நான் பரோல் குடுத்துட்டேன்."

பரோல் என்றால் வாக்கு. எங்கள் பக்கத்தில் பரோல் என்றால் கைதிக்குக் கொடுக்கிற லீவு. இவர்கள் பக்கத்தில் லீவு என்றால் வெளியே போ. இந்த ஊரில் ஒவ்வொரு சொல்லும் என்னைத் தெருவில் தள்ளுவதற்கென்றே காத்திருந்தது போலிருக்கிறது.

"நீங்க மொகத்தக் கொஞ்சம் சுளிச்சிருந்தாக்கூட நான் வேற மாதிரி பேசியிருப்பேனே" என்றார் மெதுவாக. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வைதுவிட்டாவது வந்திருப்பேன்.

கீழே என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டு உத்தரம் உயரமே தவிர, சத்தம் நன்றாக இறங்கும்.

"சந்தோஷம்னு எத்தன தடவ சொன்னீங்க?"

"ரெண்டு இருக்கும்."

"ஒரு தடவ போதாதா?" என்றாள். பிறகு பரணிலிருந்து சாக்குகளை இறக்கச் சொன்னாள். அவ்வளவுதான். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவளும் அது தெரிந்துதான் திட்டவில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சமிருந்த கொஞ்ச நாளில் வீடு தேடினோம். பிரான்சுக்குப் போகிறவர்கள் காலி செய்த வீடுகளெல்லாம் விற்பனைக்கு, வாடகைக்கு இல்லை. வாடகைக்கு இருந்த வீடுகளில் அந்த வருஷம் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது. "வீட்ல யாருக்காவது இருமல் கிருமல் உண்டா?" எங்கேயோ யாரோ காசநோய்க்காரர் குடியிருந்த வீட்டை ஆறு மாதம் யாரும் எடுக்கவில்லையாம். இழுப்பு வேறு, காசம் வேறு என்று விளக்கினேன். விளக்க வேண்டியிருக்கிற குடித்தனக்காரன் யாருக்கும் வேண்டாம். உப்பளத்தில் ஓர் அம்மாள் என் மனைவி ஒரே ஒரு முறை செருமியதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக மீதி பேச்சைப் பேசினார்.

கடைசியாக நெல்லித்தோப்பில் ஒன்று அமைந்தது. போகும் வழியிலேயே என் மனைவிக்கு நெஞ்சு கட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்று, "இரும மாட்டேன், நீங்க பேச்ச வளக்காதீங்க" என்றாள். வீட்டுக்கார அம்மாள் எங்களை உள்ளே கூட்டிப் போய் அறை, சமையலறை, கிணறு, கிணற்றில் தண்ணீர் எப்போது வற்றும், எப்போது ஊறும் என்று எல்லாம் சொன்னார். நான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஜோக்கும் சொல்லாமல் உம், உம் என்று கேட்டேன். என் மனைவி பின்னால் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, அதற்குள் கையை மடக்கி வாயில் வைத்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"என்னம்மா, ஒண்ணும் பேசமாட்றியே, வீடு புடிச்சிருக்கா?" என்றார் அந்த அம்மாள்.

அவள் தலையை ஆட்டினாள். சிரிக்கவும் செய்தாள்.

"அடக்கமான பொண்ணு" என்றார் அந்த அம்மாள் என்னிடம். "சரி, வந்துருங்க."

தெருமுனை திரும்பியதும் அவள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, எங்களை அந்த வீட்டு ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை வீட்டுக்கு நான் கொடுத்த முன்பணங்களை எல்லாம் மறந்துவிட்டேன். அன்று அவள் கொடுத்தது மறக்கவில்லை.

ஜூன் கடைசியில் மாறினோம். வீட்டுக்காரரும் மதாமும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். எங்களுக்குப் பிறகுதான் அவர்கள் புறப்பட்டார்கள்.

நெல்லித்தோப்பு வீட்டுக்குப் பக்கத்தில் பொரி வறுக்கிறவர்கள் இருந்தார்கள். உமி போட்டு எரிக்கிற அடுப்பு. புகை நேராக எங்கள் சமையலறைக்கு வந்து, அங்கே வழி தெரியாமல் நின்றுவிடும். என் மனைவி மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அவளுக்குச் சிரித்தாலே இழுப்பு வந்தது. வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்குவாள், பாதியில் அது விசிலாக மாறும், பிறகு அரை மணி நேரம் நாங்கள் இருவரும் அதோடு போராட வேண்டும். அதனால் நான் வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டேன். உள்ளே எவ்வளவு பயம் இருந்தாலும் ஒரு வார்த்தை வெளியே விடாமல், சோற்றை மட்டும் பிசைந்து சாப்பிட்டேன். அதைவிட மௌனமான வீடு அந்தத் தெருவில் இருந்திருக்காது. வீட்டுக்கார அம்மாளுக்கு எங்களை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மழைக்காலம் தொடங்கும் முன் அவள் அக்கா ஒருநாள் வந்து பார்த்தாள். என்னிடம், "தம்பி, நான் இவள காலாப்பட்டுக்கு இட்டுக்கினு போறேன். கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். அனுமதி கேட்கிற குரல் இல்லை அது. அவர்களுக்கு அங்கே சவுக்குத் தோப்பும் கடலைக் காடும் உண்டு. தோப்பைத் தாண்டினால் மீன்காரர்களின் குப்பம், அப்புறம் கடல். நான் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் மனைவி இருக்கிற வீட்டில் எனக்குப் பாய் விரித்து, "தண்ணி வேணுங்களா தம்பி" என்று கேட்பார்கள். விருந்தாளி.

இதற்கிடையில் தரகர் ஒருவர் மூலமாக முத்தியால்பேட்டையில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். உத்தரம் பரவாயில்லை. ஜன்னல் இரண்டு. பக்கத்தில் தறிச் சத்தம் உண்டு, புகை இல்லை. பஞ்சு கொஞ்சம் பறக்கும் என்று தரகரே தயக்கத்தோடு சொன்னார். திங்கட்கிழமை பதில் சொல்வதாகப் பேச்சு. அந்த ஞாயிறு அதைச் சொல்லி அவளைக் கூட்டி வரலாம் என்றுதான் காலாப்பட்டுக்குப் போனேன்.

அவள் களத்தில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலுவலகத்தில் புதிதாக வந்த அதிகாரிக்குப் பிரெஞ்சும் தெரியாது தமிழும் தெரியாது. பெரியவர் அவரிடம் இரண்டிலும் மாற்றி மாற்றித் திட்டிவிட்டு, கடைசியில் இங்கிலீஷில் 'தேங்க் யூ சார்' என்று சொல்லிவிட்டு வருகிறார் என்று நடித்துக் காட்டினேன். ஏன் நடித்தேன் என்று கேட்டால், வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. என் வியாதி அது.

அவள் சிரித்தாள். எனக்கு உடனே கை முதுகுக்குப் போனது, பழக்கம். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, மடியில் இருந்த கடலையெல்லாம் உருள, அந்தச் சிரிப்பு தானாகக் களைத்து நிற்கும்வரை சிரித்தாள். விசில் வரவில்லை. இருமல் வரவில்லை. என் கை அவள் முதுகில் ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது.

"ஏதோ சொல்லணும்னு வந்த மாதிரி இருந்துதே?" என்றாள், கடலையைப் பொறுக்கிக்கொண்டே.

"இல்லியே" என்றேன்.

மறுநாள் தரகரிடம் அந்த வீடு வேண்டாம் என்று சொன்னேன். "ஏன், வீட்டம்மாவுக்குப் புடிக்கலியா?" என்றார். காட்டவே இல்லை என்றேன். பிறகு ஒற்றை ஆளுக்கு ஓர் அறை இருந்தால் போதும், எந்தப் பக்கமானாலும் சரி, ஜன்னல்கூட வேண்டியதில்லை என்றேன். இப்படிப்பட்ட அறைகள் ஊரில் நிறைய இருக்கின்றன என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.